ஓரெழுத்து ஒருமொழி

மாத்தளையிலிருந்து வில்கமுவைக்குச் செல்லும் மலைப்பாதையைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதலாம். இரத்தோட்டையைக் கடந்து ரிவர்ஸ்டன் மூடுபனிக்குள் நுழையும் பேருந்து, நக்கிள்ஸ் மலைத்தொடரின் மறுபுறமாகச் சுற்றிச் சுற்றி இறங்க இறங்க, குளிர் நீங்கி வெக்கை முகத்தில் அடிக்கும். மாவட்டத்தின் கிழக்கெல்லை அது. ஒருபுறம் மகாவலி கங்கை; அயலிலே, 1984ஆம் ஆண்டில் தேசியப் பூங்காவாகப் பிரகடனம் செய்யப்பெற்ற வஸ்கமுவக் காடு; இடையே நெல் வயல்கள். நெல் விளையும் இடத்தை மனிதர் அறிவர், யானைகளும் அறியும்.

சென்ற மாதம் அவ்வூருக்குப் போயிருந்தேன். பல்லாண்டுகளுக்கு முன் நான் எழுதுவினைஞனாகக் கடமையாற்றிய கந்தோரிலே சாரதியாக இருந்தவர் எனது சிங்கள நண்பர். இளைப்பாறிய பின்னர், தகப்பன் வழி வந்த வயலோடு ஊரிலேயே தங்கிவிட்டார். "ஒருமுறை வந்து எங்கள் வயல் அரிசிச் சோறு உண்டுவிட்டுப் போங்கள்" என்று ஆண்டுதோறும் அழைப்பார். இவ்வாண்டுதான் அந்த அழைப்புக்குக் காலம் வாய்த்தது.

அவருக்கு மக்கள் இருவர். மூத்தவன் யப்பான் தேசத்தில் முதியோர் இல்லமொன்றிலே பராமரிப்பு வேலை செய்கிறான். இளையவள் உயர்தரப் பரீட்சையை முடித்துவிட்டு, அண்ணன் சென்ற வழியே தானும் செல்லும் எண்ணத்துடன் யப்பானிய மொழி படித்துக்கொண்டிருக்கிறாள். இன்று நமது நாட்டில் இது புதுமையன்று. 2019ஆம் ஆண்டு ஏப்ரலில் யப்பான் தேசம் தேர்ந்த தொழிலாளருக்கென்று ஒரு புதிய வீசா முறையை ஏற்படுத்தியது. அவ்வாண்டு ஜூன் மாதத்தில் இலங்கையும் அது சம்பந்தமாக ஓர் உடன்படிக்கையில் கைச்சாத்திட்டது. அன்று தொட்டு, தலைநகரம் முதல் மலையடிவாரக் கிராமம் வரை, மொழிப் பாடப் புத்தகத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு திரியும் இளைஞரைக் காணலாம்.

பகற்சாப்பாடு முடிந்து திண்ணையில் அமர்ந்திருந்தோம். நண்பரின் மனைவியார் தயங்கித் தயங்கி அருகில் வந்து, ஒரு கைத்தொலைபேசியை என்னிடம் நீட்டினார்.

"மாத்தையா படித்தவர். இதற்கு என்ன பொருள் என்று பார்த்துச் சொல்லுங்கள்."

நான் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தேன். சில நாட்களுக்கு முன் தாய் மகனுக்கு அனுப்பிய செய்தி மேலே இருந்தது. எனக்குத் தெரிந்தது கந்தோர்ச் சிங்களம். எனினும் எழுத்துக்கூட்டி வாசித்தேன். முன்னிரவில் யானையொன்று வேலியை முறித்துக்கொண்டு வயலுக்குள் இறங்கியது, அப்பா காவற்பரணில்தான் இருந்தார், யானைவெடி கொளுத்தித் துரத்தினார், கால் வழுக்கி விழுந்ததில் முழங்காலில் சிறு காயம், நீ பயப்படாதே. இதுதான் செய்தி. அதற்குக் கீழே மகனுடைய பதில். பதில் என்றால் ஒரே ஓர் எழுத்து. அருகருகே இரண்டு கோடுகளை நிறுத்தி, இரண்டாவதைச் சற்றே நீட்டி வளைத்துவிட்டாற்போல ஓர் உருவம். அவ்வளவுதான்.

"எங்கள் வேலி முறிந்தது. தகப்பன் விழுந்தான். அதற்கு மகன் இரண்டு கோடு போட்டு அனுப்பியிருக்கிறான்" என்றார் அந்த அம்மையார். குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்கு இத்தனை சங்கடம் ஏற்பட்டிராது.

உள்ளேயிருந்து மகள் ஓடிவந்தாள். "அம்மா, நான்தான் சொன்னேனே, அது ‘ரி’ என்னும் எழுத்து. ‘ரியோகாய்’ என்ற சொல்லின் சுருக்கம். ‘விளங்கிவிட்டது’ என்று அர்த்தம். அண்ணன் வேலைக் களைப்பில் யப்பானிய எழுத்துப் பலகையை மாற்றாமலே தட்டிவிட்டார்" என்றாள்.

"விளங்கிவிட்டது என்பதை முழுதாகச் சொல்லக்கூட நேரமில்லையா?" என்று கேட்டுவிட்டுத் தாயார் அடுக்களைக்குள் போய்விட்டார்.

வாசக நேயர்களே, அன்று மாலை முழுவதும் அந்தப் பெண்ணை ஆசிரியையாகவும் என்னை மாணவனாகவும் வைத்து ஒரு பாடம் நடந்தது. அதில் நான் கற்றவற்றையும், வீடு திரும்பிய பின் தேடி அறிந்தவற்றையும் இங்கே தொகுத்துத் தருகிறேன்.

‘ரியோகாய்’ என்பது முழுச்சொல். இளைஞர் முதலில் அதை ‘ரியோ’ என்று குறுக்கினர். அதுவும் நீளமென்று பட்டதோ என்னவோ, ‘ரி’ ஆக்கிவிட்டனர். இவ்வாறே நன்றி கூறும் ‘அரிகாதோ கொஸாய்மாஸு’ என்ற நீண்ட தொடர் ‘அஸாஸு’ என்று சுருங்கிற்று. வேலை முடிந்து பிரியும்போது ஒருவர் உழைப்பை ஒருவர் பாராட்டிச் சொல்லும் ‘ஒத்ஸுகரேஸமா’ என்பது ‘ஒத்ஸு’ ஆயிற்று. புத்தாண்டு வாழ்த்தாகிய ‘அகெமாஷிதெ ஒமெதெத்தோ’ என்பது, இரு சொற்களின் தலைகளை மட்டும் கொய்து சேர்த்து, ‘அகெஒமெ’ என்றாகிவிட்டது.

சிரிப்பைக் குறிக்கும் முறை இன்னும் வேடிக்கையானது. சிரிப்புக்கு அம்மொழியில் ‘வராய்’ என்று பெயர். அதை உரோம எழுத்தில் எழுதினால் முதலில் நிற்பது டபிள்யூ என்னும் எழுத்து. ஆகவே சிரிப்பு வந்தால் அந்த ஓர் எழுத்தைப் போட்டார்கள். அதிகச் சிரிப்பு வந்தால் நாலைந்தை வரிசையாகப் போட்டார்கள். அவ்வரிசையைப் பார்த்த ஒருவருக்கு அது தரையில் முளைத்த புல்லைப்போலத் தோன்றிற்று. அதிலிருந்து, புல்லைக் குறிக்கும் ‘குஸா’ என்ற சொல்லே சிரிப்புக்கு ஆகிவந்துவிட்டது! நகைச்சுவையான செய்தி வந்தால் ‘புல்’ என்று பதில் எழுதுகிறார்கள். இதைக் கேட்ட எனது நண்பர், "எங்கள் வயலில் புல் முளைத்தால் அழுகைதான் வரும்" என்றார்.

இக்குறுக்கெழுத்து விளையாட்டு நேற்று முளைத்ததன்று. யப்பானில் இடுப்பில் செருகிக்கொள்ளும் ‘பேஜர்’ என்னும் அழைப்புக் கருவிச் சேவை 1968ஆம் ஆண்டிலேயே தொடங்கியது. ஆதியில் அது ‘கீச் கீச்’ என்று ஒலிக்க மட்டுமே செய்யும். பின்னர், அழைப்பவரின் தொலைபேசி இலக்கத்தைக் காட்டும் வசதி வந்தது. எழுத்து இல்லை, இலக்கம் மட்டுமே உண்டு. 1990களில் பாடசாலை மாணவியர் அந்த இலக்கத்தையே எழுத்தாக்கிவிட்டனர். யப்பானிய எண்ணுப்பெயர்களின் முதலொலிகளைக் கொண்டு வாசித்தால் 3341 என்பது ‘ஸமிஷீ’ ஆகும். ‘தனிமையாயிருக்கிறது’ என்பது பொருள். 4649 என்பது ‘யொரொஷிகு’. ‘தயவு காட்டுங்கள்’ என்னும் உபசாரமொழி. 0840 என்றால் ‘ஒஹாயோ’, காலை வணக்கம். நான்கு இலக்கங்களைத் தட்டிவிட்டு, எங்கோ இருக்கும் தோழிக்குத் தன் தனிமையைத் தெரிவித்த அந்தச் சிறுமியரின் சாமர்த்தியத்தை என்னென்பது!

எண்ணும் எழுத்தும் இவ்வாறு கைகோத்துக்கொள்வது நமக்கும் அந்நியமன்று. கர்நாடக சங்கீதம் பயிலும் மாணவர்களைக் கேளுங்கள். 72 மேளகர்த்தா இராகங்களின் பெயர்களில் முதலிரண்டு எழுத்துகளைக் கொண்டு, கடபயாதி முறைப்படி, அந்த இராகத்தின் இலக்கத்தைக் கண்டுபிடித்துவிடுவார்கள். தீரசங்கராபரணம் என்றால் 29. அங்கே எழுத்துக்குள் எண் ஒளிந்திருக்கிறது. இங்கே எண்ணுக்குள் எழுத்து.

பின்னர் கைத்தொலைபேசி வந்தது. 1999ஆம் ஆண்டில் ஷிகெதகா குரிதா என்பவர் அதற்கென 176 சிறு படங்களை வரைந்தார். 12 புள்ளி அகலமும் 12 புள்ளி உயரமும் கொண்ட சதுரத்துக்குள் சூரியன், குடை, உடைந்த இதயம் முதலியவற்றை அடக்கினார். ‘எ’ என்றால் படம், ‘மொஜி’ என்றால் எழுத்து. அதுவே இன்று உலகமெங்கும் வழங்கும் ‘எமோஜி’. நியூயோர்க் நகரின் நவீன கலை அருங்காட்சியகம் 2016ஆம் ஆண்டில் அந்த 176 படங்களையும் தனது சேகரத்தில் சேர்த்துக்கொண்டது.

நிற்க. இவற்றையெல்லாம் கேட்டபின் எனக்குள் ஒரு வினா எழுந்தது. இக்காலத்தில் செய்தி அனுப்பத் தனிக் கட்டணம் பெரும்பாலும் இல்லை. நமது தலைமுறையில் தந்திக்குச் சொல்லுக்குச் சொல் காசு கொடுத்தோம், ஆகவே சுருக்கினோம். குறுஞ்செய்தியின் ஆரம்ப நாட்களில் ஒரு செய்திக்கு 160 எழுத்து என்ற வரம்பு இருந்தது. தமிழெழுத்திலே எழுதினால் 70 குறிகளுக்குள் அடக்க வேண்டும். ஆகவே நம்மவர் பலர் தமிழை உரோம எழுத்தில் எழுதப் பழகினர். இப்போது அந்த நெருக்கடி இல்லையே! பின் எதற்காக ‘ரி’?

அந்தப் பெண் சொன்ன விடை என்னைச் சிந்திக்க வைத்தது.

யப்பானில் ‘லைன்’ என்னும் செய்திச் செயலி 2011ஆம் ஆண்டு ஜூனில் அறிமுகமாயிற்று. அங்குள்ளோர் பெரும்பாலும் அதைத்தான் பயன்படுத்துகின்றனர். அதில், செய்தி வாசிக்கப்பட்டவுடனே அனுப்பியவருக்கு ‘கிதோகு’ என்ற அடையாளம் தோன்றும். ‘வாசித்தாயிற்று’ என்பது அதன் பொருள். வாசித்துவிட்டுப் பதில் எழுதாமலிருப்பது அவர்களிடையே பெருங்குற்றம். நண்பரைக் கண்டும் காணாதது போல் தெருவைக் கடந்து செல்வதற்கு ஒப்பானது. ஆகவே நீண்ட பதில் எழுத நேரமில்லாத வேளையிலும், ‘கண்டேன், கேட்டேன்’ என்று தெரிவிக்க ஒரு சிறு குறி வேண்டியிருக்கிறது. ‘ரி’ அந்தக் குறி.

இன்னொன்றும் உண்டு. யப்பானியர் நேரில் பேசும்போதும், கேட்பவர் வாளாவிருப்பதில்லை. ‘ஹாய்’, ‘உன்’, ‘நருஹொதொ’ என்று இடையிடையே ஒலி கொடுத்துக்கொண்டே இருப்பார். அதற்கு ‘அய்ஸுசி’ என்று பெயர். கொல்லன் பட்டடையில் இருவர் மாறிமாறிச் சம்மட்டி அடிப்பதிலிருந்து பிறந்த பெயர் அது.

இதைக் கேட்டதும் எனக்கு எனது பாட்டியாரின் நினைவு வந்தது. இருட்டில் பாயிற் படுத்தபடி அவர் கதை சொல்ல, நாங்கள் ‘ம்’ கொட்டவேண்டும். ‘ம்’ நின்றுவிட்டால் கதையும் நின்றுவிடும்; பேரன் தூங்கிவிட்டான் என்று அவர் அறிந்துகொள்வார். அந்த ஒற்றை மெய்யெழுத்துக்குப் பொருள் என்ன? ‘விளங்குகிறது’ என்பதா? அதற்கும் மேலானது. ‘உன் அருகில் விழித்திருக்கிறேன்’ என்பதே அதன் பொருள். நூறு சொல்லில் சொன்னாலும் அதற்கு மேல் என்ன சொல்லிவிட முடியும்?

ஆகவே சுருக்கம் என்பது அன்பின்மை ஆகாது. மொழியின் பழைய இயல்பு அது. இளைஞரைக் கடியும் பெரியோர் தாமே அன்றாடம் சுருக்கித்தான் பேசுகிறார்கள். யப்பானிய மொழியில் உலகமறிந்த சொல் ‘ஸயோநரா’. அது ‘ஸயோ நரபா’ என்பதன் தேய்வு. ‘அப்படியானால்’ என்று மட்டுமே அதற்குப் பொருள். ‘அப்படியானால், போய்வருகிறேன்’ என்பதில் பின்பாதியை விழுங்கிவிட்டார்கள். ‘கொன்னிச்சிவா’ என்னும் பகல் வணக்கத்தின் நேர்ப்பொருள் ‘இன்றைய நாளோ...’ என்பதாகும். எஞ்சியதைக் கேட்பவரே நிரப்பிக்கொள்ள வேண்டும். நம் பிள்ளைகள் அறிந்த ‘போக்கிமோன்’ ஆங்கிலச் சொற்கள் இரண்டின் துண்டுகளை ஒட்டியது; பாட்டுக்காரர் அறிந்த ‘கரோக்கி’, வெறுமை என்ற பொருளுடைய ‘கரா’வோடு ஓர்கெஸ்ட்ராவின் தலையைப் பொருத்தியது. நாம் நாள்தோறும் வழங்கும் ‘ஓகே’ கூட 1839ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பொஸ்டன் நகரப் பத்திரிகையொன்று வேடிக்கைக்காக வேண்டுமென்றே பிழையாக எழுதிய ஒரு தொடரின் முதலெழுத்துகள்தாம். அக்காலத்து இளைஞரின் குறும்பு இன்று கந்தோர்க் கடிதத்திலும் ஏறிவிட்டது.

நமது நூல்களைப் புரட்டினால் இதற்கு இலக்கணமே இருக்கக் காணலாம். பதின்மூன்றாம் நூற்றாண்டில் நன்னூல் செய்த பவணந்தி முனிவர் ஆ, ஈ, கோ, தீ, பூ, வா என்றாற்போல நாற்பத்திரண்டு ஓரெழுத்து ஒருமொழிகளைக் கணக்கிட்டுச் சொன்னார். தஞ்சாவூர் தஞ்சை ஆவதும், புதுச்சேரி புதுவை ஆவதும் மரூஉ என்று அனுமதித்தார். ஒரு கூட்டத்தார் தமக்குள் மட்டும் வழங்கிக்கொள்ளும் சொல்லுக்குக் குழூஉக்குறி என்று பெயரிட்டார். பொற்கொல்லர் பொன்னைப் ‘பறி’ என்பது அதற்கு உரைகாரர் காட்டும் உதாரணம். ‘ரியோகாய்’ தேய்ந்து ‘ரி’ ஆனது மரூஉ. சிரிப்பைப் ‘புல்’ என்பது குழூஉக்குறி. டோக்கியோ இளைஞரின் மொழிக்குப் பவணந்தியார் எப்போதோ பெயர் வைத்துவிட்டார்!

நம் முன்னோர் கணக்கேடுகளில் நாளை ௳ என்றும், மாதத்தை ௴ என்றும், வருடத்தை ௵ என்றும், மேற்படி என்பதை ௸ என்றும் எழுதினர். நாமோ இ.போ.ச. பேருந்தில் ஏறி, ப.நோ.கூ. சங்கக் கடையில் சாமான் வாங்கி, பிள்ளையைக் க.பொ.த. பரீட்சைக்கு அனுப்புகிறோம். வீட்டை விட்டுப் புறப்படும்போதோ, ‘போய் வருகிறேன்’ என்பதில் போவதை விழுங்கிவிட்டு, ‘வாறன்’ என்று மட்டும் சொல்கிறோம். எதை வெட்டலாம், எதை வைக்க வேண்டும் என்று அந்த ஒரு சொல்லை வழங்கியவர்கள் நன்றாக அறிந்திருந்தார்கள்.

இத்தனையும் சரி. ஆனால் அடுக்களைக்குள் போய்விட்ட அந்தத் தாயாருக்கு என்ன சொல்வது?

இவ்விடத்திலேதான் விஷயத்தின் மறுபக்கம் இருக்கிறது. சுருக்கிய சொல்லில் வெட்டப்பட்ட பகுதி எங்கும் மறைந்துவிடுவதில்லை. கேட்பவரின் மனத்தில் அது ஏற்கெனவே இருக்கிறது என்ற நம்பிக்கையிலேதான் சொல்பவர் வெட்டுகிறார். அந்த நம்பிக்கை பொய்யானால், சொல் வெறும் கோடாக நின்றுவிடுகிறது.

யப்பானியரே இதில் மிகக் கவனமானவர்கள். தோழனுக்கு ‘ரி’ எழுதுபவன் மேலதிகாரிக்கு அதை எழுதமாட்டான். ‘ரியோகாய் ஷிமாஷிதா’ என்று முழுதாக எழுதினாலும் பணிவு போதாது என்று அந்நாட்டு உபசார நூல்கள் சொல்கின்றன. பெரியவருக்கு ‘ஷோச்சி ஷிமாஷிதா’ என்றும், வாடிக்கையாளருக்கு ‘கஷிகொமரிமாஷிதா’ என்றும் எழுதவேண்டுமாம். பொருள் எல்லாவற்றுக்கும் ஒன்றே: விளங்கிவிட்டது. அந்தப் பெண்ணோடு படித்த இளைஞன் ஒருவன் அங்கே வேலைக்குச் சென்ற புதிதில், உடன் உழைக்கும் பையன்களிடம் கற்ற ‘ரி’யைத் தன் மேற்பார்வையாளருக்கே எழுதிவிட்டானாம். அவர் வைதிருந்தால்கூட நல்லது. ஒன்றும் பேசாமல் இருந்துவிட்டார். தான் செய்த பிழை இன்னதென்று அவனுக்குத் தெரியவரப் பல நாள் பிடித்ததாம். இப்படி இடமறியாது நடப்பவரைக் குறிக்கவும் அவர்களிடம் ஒரு சுருக்கம் உண்டு. ‘கே வை’ என்ற இரண்டு உரோம எழுத்துகள் 2007ஆம் ஆண்டளவில் அங்கே பெரிதும் அடிபட்டன. ‘கூகி யொமெநாய்’, அதாவது காற்றை வாசிக்கத் தெரியாதவன் என்பது அவற்றின் விரிவு.

இங்கே பெரியவர்களும் முற்றும் குற்றமற்றவர்கள் என்று எண்ணிவிட வேண்டாம். 2024ஆம் ஆண்டின் தொடக்கத்தில் யப்பானியப் பத்திரிகைகளில் ஒரு விவாதம் நடந்தது. வயதில் மூத்தோர் செய்தியின் இறுதியில் இலக்கணப்படி முற்றுப்புள்ளி இடுகின்றனர். அம்மொழியில் அது ஒரு சிறு வட்டம். புள்ளியே இல்லாமல் எழுதிப் பழகிய இளைஞருக்கோ, அவ்வட்டத்தைக் கண்டால் பெரியவர் கோபத்தோடு கதவை அடைத்துவிட்டாற்போலத் தோன்றுகிறதாம். இதற்கு ‘மருஹரா’ என்று பெயரும் வைத்துவிட்டனர். வட்டத்தைக் குறிக்கும் ‘மரு’வோடு, தொல்லையைக் குறிக்கும் ஓர் ஆங்கிலச் சொல்லின் தலையை ஒட்டிய சுருக்கம் அது. தவாரா மாச்சி என்னும் புகழ்பெற்ற பெண் கவிஞர் அந்த வட்டத்துக்காகப் பரிந்து ஒரு ‘தன்கா’ பாடலே இயற்றினார். மகனுடைய ஒற்றை எழுத்து தாயைச் சுடுகிறது. தாயுடைய ஒற்றைப் புள்ளி மகனைச் சுடுகிறது. இருவரும் சுட நினைத்தவரல்லர்.

கடல் கடந்து செல்ல ஆயத்தமாகும் நம் மாணவர்கள் இதை நெஞ்சிற் பதித்துக்கொள்ள வேண்டும். பரீட்சைப் புத்தகம் முதலில் நீண்ட, பணிவான வாக்கியங்களைக் கற்பிக்கிறது. அங்கே போய் இறங்கினால் நண்பர்கள் குறுகிய சொற்களில் பேசுகிறார்கள். புத்தகமொழி ஒன்றையே அறிந்தவன் நண்பர் குழாத்தில் அந்நியனாவான். குறுமொழி ஒன்றையே கற்றவன் வேலைத்தலத்தில் மரியாதை அறியாதவனாவான். இரண்டையும் கற்க வேண்டும். எதை எங்கே வைப்பது என்பதை அவற்றுக்கு மேலாகக் கற்க வேண்டும்.

அன்றிரவு நான் நண்பர் வீட்டிலேயே தங்கினேன். எட்டு மணியளவில் அவர் கைவிளக்கையும் யானைவெடிப் பொதியையும் எடுத்துக்கொண்டு, காயம்பட்ட காலைச் சற்றே இழுத்தபடி காவற்பரணுக்குப் புறப்பட்டார். துணைக்கு அயல்வீட்டுக்காரர் ஒருவர். வாசலில் நின்று அவரைப் பார்த்துக்கொண்டிருந்த அம்மையார், விளக்கின் ஒளி வயல் வரம்பில் மறைந்தபின் உள்ளே வந்து, தொலைபேசியை எடுத்து ஏதோ தட்டினார். மகனுக்குத்தான். என்ன எழுதினார் என்று மகளிடம் கேட்டேன்.

"கேவத?" என்றாள் அவள் சிரித்துக்கொண்டே. ‘சாப்பிட்டாயா?’ என்பதற்குச் சிங்களச் சொல். வேறொன்றும் இல்லை. தினமும் அந்த ஒரு சொல்தானாம்.

நான் வியப்புற்றேன். மகனுடைய ஒற்றை எழுத்தைக் கண்டு நொந்த தாய் அனுப்புவதும் ஒற்றைச் சொல்லையே! ஆயினும் அந்தச் சொல்லில் வெட்டப்பட்டது எதுவும் இல்லை. தமிழ்த் தாய் கேட்டாலும் சிங்களத் தாய் கேட்டாலும், ‘சாப்பிட்டாயா’ என்பது சோற்றைப் பற்றிய கேள்வி மட்டுமா?

மகள் அன்றிரவே அண்ணனுக்கு விவரமாக எழுதியிருக்கவேண்டும். மறுநாட் காலை ஐந்தரை மணிக்கு, அங்கே ஒன்பது மணிக்கு, இரவு முறை வேலை முடிந்ததும் அவனிடமிருந்து சிங்களத்தில் ஒரு நீண்ட செய்தி வந்தது. அப்பாவைக் காயத்தோடு பரணுக்கு அனுப்பவேண்டாம், ஆள் வைத்துக்கொள்ளுங்கள், மாத முடிவில் பணம் அனுப்புகிறேன், முதலில் வேலியைத் திருத்துங்கள் என்றெல்லாம் எழுதியிருந்தான்.

தாயார் அதை இருமுறை வாசித்தார். பின்பு மகளை அழைத்து, "அந்த இரண்டு கோட்டை எனக்குப் போட்டுத் தா" என்றார். மகள் தனது தொலைபேசியிலிருந்து ‘ரி’ என்னும் எழுத்தைத் தாயின் தொலைபேசிக்கு மாற்றிக் கொடுக்க, தாய் அதையே மகனுக்கு அனுப்பினார்.

ஒரு நிமிடம் கழியவில்லை. தொலைபேசி அலறியது.

"அம்மா! என்ன நடந்தது? உங்களுக்கு உடம்புக்கு ஏதாவதா?" பக்கத்தில் இருந்த எனக்கே அவனுடைய குரலில் இருந்த பதைப்புக் கேட்டது.

"ஒன்றும் இல்லை மகனே. விளங்கிவிட்டது என்று எழுதினேன். இப்போது தெரிகிறதா, அந்த இரண்டு கோடு வந்து சேர்ந்தால் எப்படி இருக்கிறதென்று?"

மறுமுனையில் சிறிது நேரம் பேச்சில்லை. பின்பு சிரிப்பொலி. பின்பு அரைமணி நேரம் தாயும் மகனும் ஏதேதோ பேசினார்கள். பரணிலிருந்து திரும்பிய நண்பர் திண்ணையில் காலை நீட்டிப் போட்டுக்கொண்டு தேநீருக்காகக் காத்திருந்தார். தேநீர் வரத் தாமதமாயிற்று, அவர் முறையிடவில்லை.

மாணவ மணிகளே, நண்பருக்குக் குறுக்கி எழுதுங்கள். மொழி அதனால் அழிந்துவிடாது. ஆனால் ஒரு சொல்லை வெட்டுமுன், வெட்டிய பகுதி மறுகரையில் இருப்பவரிடம் உண்டா என்று ஒருகணம் எண்ணிப் பாருங்கள். பெற்றோரே, பிள்ளையின் பதிலை நீளத்தால் அளக்காதீர்கள். ஆயிரம் கல் தொலைவிலிருந்து அவன் கொட்டும் ‘ம்’ ஆக அது இருக்கக்கூடும். சந்தேகமிருந்தால் கேட்டுவிடுங்கள். அதற்கு ஒரு சொல் போதும்.

அடுத்த ஞாயிறு மீண்டும் சந்திப்போம். அதுவரை, வாறன்.